மயிலுக்கு சாயம் சரியில்லன்னு சொன்னவன்

எனக்குக் கண்ணு மங்குதுன்னு எனக்குத் தெரிஞ்சு ஆறு மாசம் ஆயிருந்துச்சு. அத எங்க வூட்டம்மாவுக்குத் தெரியாம மறைக்க நான் பட்ட பாடு இருக்குதே, அந்தப் பாட்ட தறியில பட்டிருந்தா இன்னும் ரெண்டு சேல நெஞ்சி அறுத்திருப்பேன்.

மறைக்கிறதுக்குக் காரணம் ரெண்டு. மொதலாவது, ஆபரேஷன்னு சொல்லிடுவாங்கன்ற பயம். கையில ஊசி போட்டாலே மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிற ஆளு நான். கண்ணுலயே ஊசின்னா மொகத்த எந்தப் பக்கம் திருப்புறது?

ரெண்டாவது காரணம் இதவிட கேவலம். சின்ன காஞ்சிபுரத்துல எங்க தெருவுல கலருன்னா நான் தான். பட்டு நெய்யறவங்க பத்து வூடு இருந்தாலும், ஒரு நூலு இன்னா கலருன்னு சந்தேகம் வந்தா எங்க வாசலுக்குத் தான் எடுத்துக்கினு வருவாங்க. நான் அத வாங்கி, வெயிலுல தூக்கிப் பிடிச்சி, ஒரு கண்ண மூடி, கொஞ்ச நேரம் ஒண்ணும் பேச மாட்டேன். பேசாம இருக்கிறது ரொம்ப முக்கியம். அப்பறம் தான், "இது இலப்பச்ச இல்லபா, இலப்பச்சைக்கு சித்தப்பா மவன்"னு சொல்லுவேன். வந்தவங்க பயபக்தியோட போவாங்க. இந்த மரியாதைய வுட யாருக்கு மனசு வரும்? கடைசி ஆறு மாசமா நான் தூக்கிப் பிடிச்சதுல பாதி எனக்கு ஒரே கலராத் தான் தெரிஞ்சுது. ஆனா தீர்ப்பு மட்டும் நிக்கல.

மாட்டிக்க இருந்தது ஒரு பச்ச சேலையில. பார்டர தனியா கோக்கிற கோர்வ வேல இல்லாத சேல, அதனால நான் ஒண்டியா நெஞ்சிக்கினு இருந்தேன். வூட்டம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தா. நாடாவுல ஊட நூலு சுத்தின தாரு தீந்துபோச்சு, பக்கத்துல இருந்த கூடையிலேர்ந்து வேற தார எடுத்துப் போட்டு ஓட்டிக்கினு இருந்தேன். அவ வந்தா, பைய கீழ வச்சா, தறிய பாத்தா.

"ஏங்க."

"இன்னா?"

"தாரு மாறிடுச்சு போல இருக்குதே."

"எவ்ளோ?"

அவ கொஞ்ச நேரம் பாத்துட்டு, "கொஞ்சம் தான். ரெண்டு வெரக்கட இருக்கும்"ன்னா.

"லைட்டு சரியில்ல. அதான்."

அவ தலைக்கு மேல எரிஞ்சிக்கினு இருந்த ட்யூப்லைட்ட பாத்தா. அப்பறம் என்ன பாத்தா. "ஆமா, லைட்டு தான்"ன்னா.

"பிரிச்சிடலாமா?"

"பிரிச்சா நூலு பிசுறு வுடும். அப்படியே ஓட்டுங்க. டேமேஜுன்னு ஆயிடுச்சு, நானே கட்டிக்கிறேன்."

அந்தச் சேலைய அறுத்ததும் மடிச்சி பீரோவுல வச்சிட்டா. மறுநாளு புது ட்யூப்லைட்டு வந்துச்சு. அது போதலன்னேன், எல்ஈடி வந்துச்சு. அதுவும் போதலன்னேன், அதுக்குப் பக்கத்துலயே இன்னொண்ணு வந்துச்சு. இப்ப எங்க தறிக்குழியில எறங்கி குந்தினா ஆபரேஷன் தியேட்டருல குந்தின மாதிரி இருக்குது. எதுக்கு பயந்தேனோ அத வூட்டுக்குள்ளயே கட்டி வச்சாச்சு. இனிமே லைட்டு மேல பழி போட எடமில்ல.

இந்த நேரம் பாத்து அடுத்த பாவு வருது, மயில் கழுத்து. மயில் கழுத்துன்றது ஒரு கலரு இல்ல, ரெண்டு கலரு. நீளமா ஓடற பாவுல பச்ச, குறுக்க ஓடற ஊடையில நீலம். இப்படி திருப்பினா பச்சயா அடிக்கும், அப்படி திருப்பினா நீலமா அடிக்கும். ரெண்டும் சரியா இருந்தா தான் மயிலு, இல்லாட்டி காக்கா. எந்தப் பச்சன்னு நான் சொல்லணும். சாம்பிள் நூல வூட்டம்மா மறுநாளு காலையில சாயக்காரருகிட்ட குடுத்துட்டு வரணும். கல்யாணப் பொண்ணுக்குப் போற சேல அது. இதுல தப்பு பண்ணா எங்க வாசலுக்கு ஒருத்தனும் நூலு எடுத்துக்கினு வர மாட்டான்.

அன்னிக்கி அமாவாச. அமாவாசைக்கு நாங்க தறியில குந்த மாட்டோம். அதனால காலையில ஒரு முடிவு பண்ணேன். யாரும் இல்லாத எடமா போயி, என் கண்ண நானே பரீட்ச பண்ணிப் பாத்துடறது. பச்சைக்கு வாத்தியாரு இலை தானே? இலையோட நூல சேத்துப் பாத்தா தெரிஞ்சிடும். கூரம்ன்ற ஊர தாண்டி ஏரிக்கரையோரமா ஒரு சின்ன காடு இருக்குது. பஸ்ஸுல போறப்ப தூரத்துல பாத்திருக்கேன். அவ வாசல் தெளிக்க போனப்ப, சாம்பிள் நூலு வச்சிருக்கிற பிஸ்கட் டப்பாவ தொறந்து, பச்சன்னு பட்ட ஏழு நூல எடுத்து சட்டப் பையில போட்டுக்கினேன்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"திருப்பருத்திக்குன்றத்துல ஒருத்தர பாக்கணும்."

"யார?"

"நீ பாத்ததில்ல."

அவ மேல கேக்கல. ஒரு டப்பாவுல தயிர்சாதமும் எலுமிச்ச ஊறுகாயும் வச்சிக் குடுத்தா. திருப்பருத்திக்குன்றம் ஊர விட்டு ஒரு எட்டு. அங்க போறவனுக்கு எதுக்கு கட்டுசாதம்? அன்னிக்கி இத நான் யோசிக்கல. யோசிக்கிறவனா இருந்தா கண்ணு டாக்டருகிட்ட போயிருப்பேன்.

மொபெட்ட எடுத்துக்கினு போனேன். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் வயலு, வயலுக்கு நடுவுல மனைக்கல்லு, மனைக்கல்லு மேல கலர் கலரா கொடி. "இது செவப்பு, அது மஞ்ச, தோ அது பச்ச"ன்னு வழி பூரா சொல்லிக்கினே போனேன். நான் சொன்னது சரியா தப்பான்னு சொல்ல அங்க யாரும் இல்லன்றதால நூத்துக்கு நூறு மார்க் போட்டுக்கினேன். அந்தத் தெம்புலயே ஏரிக்கரையில வண்டிய நிறுத்திட்டு காட்டுக்குள்ள நடந்தேன்.

காடுன்னா யான புலி வர்ற காடு இல்ல. வேம்பு, புங்க, நொணா, அங்கங்க பன, கால் வைக்கிற எடமெல்லாம் கார முள்ளு. எனக்கு தெரிஞ்ச மரம் இவ்ளோ தான். மத்தத எல்லாம் எனக்கு சேலையா தான் தெரியும். ஒரு கொழுந்த பாத்தா அரக்கு பார்டருன்னு தோணும். காஞ்ச புல்லு மெந்தியக் கலரு. ஒரு கொடியில குட்டி குட்டியா பழம், வாடாமல்லிக்கும் கத்திரிப்பூவுக்கும் நடுவுல. முப்பத்தஞ்சு வருஷம் தறிக்குழியில குந்தினவன் காட்டுக்குள்ள போனா ஜவுளிக் கடைக்குள்ள போன மாதிரி தான் நடப்பான். எதயாவது தொட்டுப் பாத்துட்டு, "கொஞ்சம் முறுக்கு பத்தல"ன்னு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போவான்.

அந்த அமைதி தான் எனக்குப் புடிபடல. எங்க தெருவுல காலையில கண்ண முழிச்சா தறிச் சத்தம், படுக்கிற வரைக்கும் தறிச் சத்தம். இங்க ஒண்ணுமே இல்ல. காத்து அடிச்சா இலை, அடிக்காட்டி அதுவும் இல்ல. ஒரு வேரு மேல குந்தினேன். கொஞ்ச நேரத்துல கால பாத்தா ரெண்டும் மாத்தி மாத்தி மிதிச்சிக்கினு இருக்குது. கீழ மிதியும் இல்ல, முன்னால தறியும் இல்ல. எவனாவது பாத்தா இன்னா நெனைப்பான்னு கால மடக்கிக்கினேன். நல்ல காடு, நல்ல காத்து, ஏரியில தண்ணி வேற தளும்பிக்கினு இருந்துச்சு. ஆனா சும்மா இருக்கிறதும் ஒரு வேல தான், அதுல நான் இன்னும் பழகல.

அப்ப தான் அந்த மயிலு வந்துச்சு. பொதருலேர்ந்து வெளிய வந்து, பத்தடி தூரத்துல நின்னு, என்ன ஒரு பார்வ பாத்துச்சு. வாழ்க்கையில எத்தன மயில் கழுத்து சேல நெஞ்சிருப்பேன், ஒரு மயில இவ்ளோ கிட்ட பாத்ததில்ல. ஆசையா கழுத்த பாத்தேன். கறுப்பா இருந்துச்சு. கறுப்புன்னா கொஞ்சம் பச்ச கலந்த கறுப்பு, சைக்கிள் செயினுக்கு எண்ண போட்ட துணி மாதிரி.

"இன்னாபா இது, சாயம் சரியா ஏறல"ன்னு வாய் வுட்டே சொல்லிட்டேன். நாங்க நெய்யறது இதவிட எவ்ளோ மேல. இதுக்குப் போயி ஊரே பேர வச்சிக்கினு இருக்குதுன்னு நெனச்சேன். மயிலு என்ன மதிக்காம போயிடுச்சு. நெழலுல நின்னுச்சு, அதான் கறுப்பா தெரிஞ்சுதுன்னு சமாதானம் பண்ணிக்கினேன். வூட்ல லைட்டு, இங்க நெழலு. சமாதானத்துக்கு மட்டும் எனக்குப் பஞ்சமே வந்ததில்ல.

சரி, வந்த வேலைய பாப்போம்னு பெரிய புங்க மரம் ஒண்ண புடிச்சேன். தாழ ஒரு கெள, நல்ல வெளிச்சம். சாயம் ஒத்துப் பாக்கிறப்ப நூல கையில வச்சிக்கினு பாக்கக் கூடாது. கட்டித் தொங்கவுட்டு, நாலடி பின்னால போயி பாக்கணும். அது எங்க தொழில் பழக்கம். அதனால ஏழு நூலையும் வரிசையா அந்தக் கெளையில கட்டினேன். காத்துல பறந்துடப் போவுதுன்னு நெசவுக்காரன் முடிச்சா போட்டேன். பின்னால போயி பாத்தேன். ஏழும் பச்ச. அதுலயும் நடுவுல இருந்தது அந்தப் புங்க இலையோட அப்படியே ஒட்டிக்கினுச்சு. இலை எது நூலு எதுன்னு தெரியல. "இதான்யா பச்ச!"ன்னு கைய தட்டினேன். கண்ணுல ஒரு கொறையும் இல்ல, மயிலுக்குத் தான் கொறன்னு முடிவாச்சு.

"யாருபா அது, கன்னிமாருக்கு நூலு கட்றது?"

திரும்பினேன். ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும். கையில கொட, இடுப்புல செல்போனு, பின்னால அஞ்சாறு ஆடு.

"கன்னிமாரா? எங்கமா?"

"நீ நிக்கிறியே, உன் காலுக்குப் பின்னால."

குனிஞ்சி பாத்தேன். சருகுக்கு நடுவுல ஏழு கல்லு, மஞ்ச பூசி, பொட்டு வச்சி. ஏழு கன்னிமாரு சாமி. நான் அதுக்கு ஒரு சாண் முன்னால செருப்போட நின்னுக்கினு இருக்கேன். அவசரமா செருப்ப கழட்டி எறிஞ்சேன். கார முள்ளு ஒண்ணு உள்ளங்காலுல ஏறுச்சு. ஒத்த காலுல குதிச்சேன்.

"இப்ப கழட்டி இன்னா புண்ணியம்? போட்டுக்கோ, இப்படி வா"ன்னு அந்தம்மா கொடைய நீட்டுச்சு, புடிச்சிக்கினு வெளிய வந்தேன்.

"நான் வேண்டிக்கினு கட்டலமா. சும்மா கலரு பாக்க கட்டினேன்."

"சும்மா கட்றவன் ஏழு கன்னிக்கு ஏழு நூலு எண்ணி கட்டுவானா?"

"டப்பாவுல ஏழு தான் பச்ச இருந்துச்சு."

"எல்லா ஆம்பளையும் இப்படித் தான் வெக்கப்படுவீங்க. போன மாசம் ஒரு வாத்தியாரு கட்டிட்டு, கர்ச்சீப்ப காய வச்சேன்னாரு."

அண்ணாந்து பாத்தேன். அந்தப் பக்கத்துக் கெள பூரா மஞ்சத் துணி, செவப்புக் கயிறு, சின்னச் சின்னத் தொட்டிலு. அதெல்லாம் என் கண்ணுல படவே இல்ல. சரி, மன்னிப்பு கேட்டுட்டு நூல அவுத்துக்கலாம்னு கைய தூக்கினேன்.

"ஏய், ஏய்! அவுக்காத! கட்டினத அவுத்துக்கினு போவியா? வேண்டினது நடந்தப்பறம் வந்து பொங்க வச்சிட்டுத் தான் அவுக்கணும்."

"நான் வேண்டவே இல்லயேமா! அது சாம்பிளுமா! நாளைக்கு சாயக்காரருகிட்ட குடுக்கணும்!"

"அதெல்லாம் கட்றதுக்கு முன்னாடி யோசிக்கணும்."

"நீங்க இந்தக் கோயிலு பூசாரி வூடா?"

"நானா? நான் வேதக்காரி. ஞாயித்துக்கெழமைக்கு சர்ச்சுக்குப் போறவ."

"அப்பறம் உங்களுக்கு ஏம்மா இது?"

"அப்பறம் இன்னா? எங்க ஊரு மரம். எங்க சாமி வேற, அதுக்காக உங்க சாமிய நீ ஏமாத்திட்டுப் போறத நான் பாத்துக்கினு இருக்கணுமா?"

கைய எறக்கிட்டேன்.

"இன்னா வேண்டுதல்? புள்ளைக்கா?"

"எனக்கு அம்பத்தி மூணு வயசுமா."

"அதனால தான் வேண்டணும்"ன்னு சொல்லிட்டு அதுவே சிரிச்சிக்கினுச்சு. அப்பறம் நூல உத்துப் பாத்து, "ஆறு பச்ச. நடுவுல ஒண்ணு மட்டும் இன்னா நீலம்? நடுக்கன்னிக்கு ஸ்பெஷலா?"ன்னு கேட்டுச்சு.

நான் நூலுகிட்ட போனேன்.

"எது நீலம்?"

"தோ, இது."

கொட முனையால தொட்டுக் காட்டுச்சு. நான் கைய தட்டினேனே, இலையோட ஒட்டிக்கினுச்சுன்னு, அதே நூலு.

"நல்லா பாத்து சொல்லுமா. நீலமா?"

"நீலம்னா நீலம். நல்ல பளீர் நீலம். என் பேத்தி ஸ்கூல் பாவாட இந்தக் கலரு தான்."

நான் ஒண்ணும் பேசல. இந்தத் தடவ பேசாம இருந்தது மரியாதைக்கு இல்ல. அந்தம்மா என் மொவாயப் புடிச்சி, ஆட்டுக்குட்டிக்கு பல்லு பாக்கிற மாதிரி, வெயிலு பக்கம் திருப்பிப் பாத்துச்சு.

"பொற தள்ளியிருக்குதுபா உன் கண்ணுல. வலது கண்ணு நல்லா முத்திப்போச்சு. எனக்கும் இதே தான். ஸ்கூலுல கேம்ப் போட்டு, பஸ்ஸு வச்சி கூட்டிக்கினு போயி எடுத்து வுட்டாங்க. மறுநாளு கட்ட பிரிச்சிட்டு வூட்டுக்கு வந்து பாக்கிறேன், வெள்ளாட்டுல வெள்ள ஆடுன்னு தேடி வாங்கினேன், அது பழுப்பு! மூணு வருஷமா வெள்ளச்சி, வெள்ளச்சின்னு கூப்ட்டுக்கினு இருக்கேன்."

"இப்ப இன்னானு கூப்டறீங்க?"

"வெள்ளச்சின்னு தான். அதுக்கு அந்தப் பேரு பழகிடுச்சே."

வெள்ளச்சி என் பக்கம் திரும்பிப் பாத்துச்சு. எனக்கு அது வெள்ளையா தான் தெரிஞ்சுது.

"வலிக்குமாமா?"

"வலியெல்லாம் இல்ல. பக்கத்துக் கட்டிலு ஆம்பளைங்க போட்ட கூச்சலுல காது தான் வலிச்சுது. வூட்ல சொல்லிட்டியா?"

"வூட்ல தெரியாது. மறைச்சி வச்சிருக்கேன்."

அந்தம்மா சிரிச்ச சிரிப்புல மேஞ்சிக்கினு இருந்த ஆடெல்லாம் தலைய தூக்குச்சு. "மறைக்கிறியா? நீ மறைக்கிறத அவ பாக்கிறாளா இல்லையான்னு உனக்கு எப்படித் தெரியும்? உனக்குத் தான் கண்ணு தெரியாதே!"

அதோட அது ஆட்ட ஓட்டிக்கினு ஏரிப் பக்கம் போயிடுச்சு. நான் தனியா நின்னேன். நூல அவுத்துக்கினு ஓடியிருக்கலாம், யாரும் பாக்க மாட்டாங்க. அந்த ஏழு கல்லத் தவிர. அதுங்க பாத்துக்கினு இருந்த மாதிரி இருந்துச்சு. செருப்ப ஒழுங்கா கழட்டி வச்சிட்டு, "கண்ணுக்குத் தான் தாயே. சாம்பிள பத்தரமா பாத்துக்கோ"ன்னு சொல்லிட்டு வந்தேன். தயிர்சாதத்த ஏரிக்கரையில குந்தி சாப்ட்டேன். அழுவணும் போல இருந்துச்சு, ஆனா ஊறுகா நல்லா இருந்துச்சு.

சாயங்காலம் வூட்டம்மா பிஸ்கட் டப்பாவ எடுத்தா. காதுகிட்ட வச்சி ஆட்டினா.

"லேசா இருக்குதே."

"எலியா இருக்கும்"ன்னேன். அவ தொறந்து எண்ணிப் பாத்தா.

"டப்பாவ தொறந்து, ஏழு நூல தின்னுட்டு, மறுபடி மூடி போட்டு வச்சுதா அந்த எலி?"

நான் தரைய பாத்தேன்.

"திருப்பருத்திக்குன்றத்து எலியா?"

அதுக்கு மேல முடியல. "கன்னிமாருக்குக் கட்டிட்டேன். கூரத்துக்கு அந்தப் பக்கம், காட்டுல."

"எதுக்கு?"

"கண்ணுக்கு."

நான் இன்னான்னவோ எதிர்பாத்தேன். கத்துவா, அழுவா, உங்கம்மா காலத்துலேர்ந்து இப்படித் தான்னு ஆரம்பிப்பா. அவ டப்பாவ மூடி எடத்துல வச்சா. "பாவு நிக்கட்டும். சாயக்காரருகிட்ட நான் சொல்லிக்கிறேன். செவ்வாக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போலாம்"ன்னா. எந்தக் கண்ணுன்னு கூட கேக்கல. உள்ள போனவ திரும்பி வந்து, "பச்ச ஆறு போச்சு சரி, ஆனந்தா நீலத்த எதுக்கு எடுத்துக்கினு போனீங்க?"ன்னு மட்டும் கேட்டா.

"அதுவும் ஒரு வேண்டுதல்"ன்னேன்.

ஆபரேஷன பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. நான் கூச்சலெல்லாம் போடல. ஒரே ஒரு தடவ "அம்மா"ன்னேன். வெளிய பெஞ்சுல குந்தியிருந்த வூட்டம்மா அது நாலு தடவன்னு சொல்றா. மறுநாளு கட்டு பிரிச்சப்ப மொதல்ல பாத்தது ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டு. அப்படி ஒரு நீலத்த நான் வாழ்க்கையில பாத்ததில்ல. அந்த பக்கெட்டையே பாத்துக்கினு இருந்தேன். நர்சு வந்து, "இன்னா சார், வாந்தி வருதா?"ன்னு அத கிட்ட தள்ளி வச்சிட்டுப் போச்சு.

வலது கண்ணு தான் ஆச்சு. இடது கண்ணுக்கு ரெண்டு மாசம் போவட்டும்னு டாக்டரு சொல்லிட்டாரு. அதனால அடுத்த அமாவாசைக்கு நான் ஒத்த கண்ணுல புது உலகமும் ஒத்த கண்ணுல பழைய உலகமுமா, பொங்கப் பானையோட வூட்டம்மாவ மொபெட்டுல ஏத்திக்கினு காட்டுக்குப் போனேன். வண்டிய அவ ஓட்டினான்னு ஊருல ஒரு பேச்சு இருக்குது. உண்ம தான்.

ஏரிக்கரையில எறங்கி அவ முன்னால நடந்தா. நான் பானைய தூக்கிக்கினு பின்னால. வெயிலு நேரா அவ முதுவுல அடிச்சுது. அந்த டேமேஜு சேலைய தான் கட்டியிருந்தா. ரெண்டு வெரக்கட தப்பு எங்க இருக்குதுன்னு தேடினேன். தேட வேண்டியதே இல்ல. இடுப்புலேர்ந்து கணுக்காலு வரைக்கும், ஒரு மொழ அகலம். பச்ச சேலைக்கு நடுவுல ஒரு மொழத்துக்கு நான் நீலத்த வுட்டு ஓட்டியிருக்கேன். ஏரிக்கு அந்தப் பக்கம் நிக்கிறவனுக்குக் கூட தெரியும்.

"ஏமா, நில்லு. ரெண்டு வெரக்கடன்னு தானே சொன்ன?"

அவ குனிஞ்சி பாத்துக்கினா. "யாரு வெரலுன்னு நீங்க கேக்கலயே."

"அன்னிக்கே உனக்குத் தெரியுமா? என் கண்ணு தான்னு?"

"லைட்டுன்னு சொன்னது நீங்க. நான் லைட்ட மாத்தினேன்."

"மூணு லைட்டு மாத்தின!"

"நீங்க மூணு தடவ சொன்னீங்க."

"கண்ணுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருந்தா இல்லன்னு சண்ட போட்டிருப்பீங்க. அப்பறம் அந்த இல்லைய காப்பாத்த இன்னும் ஒரு வருஷம் மறைச்சிருப்பீங்க. நடங்க, பான கனக்கும்."

நான் நடக்கல. அந்த ஒரு மொழத்த பாத்தேன். பச்சப் பாவுல நீல ஊட. அவ ஒரு எட்டு வச்சா பச்சயா அடிக்குது, அடுத்த எட்டுக்கு நீலமா அடிக்குது. மயில் கழுத்து. கலரு பாத்து, கணக்கு போட்டு, ஒத்த கண்ண மூடி நெஞ்ச எந்தச் சேலையிலயும் எனக்கு இப்படி அமைஞ்சதில்ல. இடது கண்ண மூடி வலது கண்ணால பாத்தேன், மயிலு. வலது கண்ண மூடி இடது கண்ணால பாத்தேன், சைக்கிள் தொடச்ச துணி. மறுபடி மாத்தினேன். மறுபடி மாத்தினேன்.

"பாரேன், இந்த வயசுல பொண்டாட்டிக்கு கண்ணடிக்கிறத! அதுவும் ரெண்டு கண்ணாலயும்!"

அந்த ஆட்டுக்கார அம்மா கொடையோட நின்னுக்கினு இருந்துச்சு. வூட்டம்மாவுக்கு மொகம் செவந்துபோச்சு. இன்னா செவப்புன்னு கூட என்னால சொல்ல முடிஞ்சுது. மொளகாப்பழச் செவப்பு.

அந்தம்மாவே சுள்ளி பொறுக்கிக் குடுத்துச்சு, மூணு கல்லு வச்சிக் குடுத்துச்சு. "சாமிக்குப் படைச்சத நான் சாப்ட மாட்டேன். படைக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு கரண்டி தனியா எடுத்து வச்சிடு. வெல்லம் நெறையா போட்டதா பாத்து"ன்னு வூட்டம்மாகிட்ட சொல்லிடுச்சு. ரெண்டு பேரும் நாலு நிமிஷத்துல அக்கா தங்கச்சி ஆயிட்டாங்க. என் வாயப் பத்தி, என் கூச்சலப் பத்தி எல்லாம் அங்க பேச்சு ஓடிச்சு. நான் வெள்ளச்சிய பாத்துக்கினு இருந்தேன். நல்ல பழுப்பு. "வெள்ளச்சி"ன்னு கூப்ட்டேன், வந்துச்சு.

பொங்க பொங்கினப்பறம் நூல அவுக்கப் போனேன். ஒரு மாச வெயிலு, நடுவுல ஒரு மழ. ஆறு பச்சையும் வெளுத்து, ஒண்ணுக்கொண்ணு சித்தப்பா மவனா கெடந்துச்சு. சாம்பிளுக்கு இனிமே ஆவாது. என் முடிச்சு வேற, அவுக்கறதுக்குள்ள நகம் போச்சு. ஏழாவதா நடு நூல தொட்டப்ப அந்தம்மா சொல்லிச்சு, "அத வுடு. இன்னொரு கண்ணு பாக்கி இருக்குது இல்ல?"

வூட்டம்மாவும், "ஆமா, அது இருக்கட்டும்"ன்னா. ரெண்டு சாமிக்காரங்களும் ஒண்ணா சொன்னப்பறம் நான் இன்னா பண்றது? நீல நூல அப்படியே வுட்டுட்டேன்.

பானைய தூக்கிக்கினு கெளம்பறப்ப பொதருக்குள்ள மயிலு அகவிச்சு. நான் நின்னுட்டேன். கிட்ட போயி பாத்தேன். வெளிய வரல. இருந்தாலும் பொதர பாத்து, "தப்பு என்னுது தான்பா. உன் சாயம் சரியா தான் இருக்குது"ன்னு சொன்னேன்.

"யாருகிட்ட பேசிக்கினு இருக்கீங்க?"ன்னு வூட்டம்மா கேட்டா. மொபெட்டுல ஏறி குந்திட்டிருந்தா, முன் சீட்டுல.

"திருப்பருத்திக்குன்றத்துக்காரருகிட்ட"ன்னேன்.

"கேட்டதா சொல்லுங்க"ன்னு சொல்லிட்டு வண்டிய ஸ்டார்ட் பண்ணா.